பார்வையாளர் முத்திரை

சியோல்
6 செப்டம்பர் 2004

அன்புள்ள தங்கை கில்லேவுக்கு,

வெயில் தணிந்துவிட்டது. காலையில் சன்னலைத் திறந்தால் கை சில்லிடுகிறது. தெற்குக் கரைக்குப் புயல் எச்சரிக்கை என்று வானொலியில் கேட்டேன். வீட்டில் எல்லாரும் நலமா? உன் வீட்டுக்காரரின் முழங்கால் எப்படி இருக்கிறது? என் இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. எழுபத்தைந்து வயதில் அதற்கு மேல் எதையும் கேட்கக் கூடாது.

நீ அனுப்பிய நெத்திலிக் கருவாடு வந்தது. நன்றி. ஆனால் சூப்புக்குப் போடும் பெரியதும் வறுக்கும் சிறியதும் ஒரே பையில் கலந்து கிடந்தன. அரை நாள் உட்கார்ந்து பிரித்தேன். முப்பது வருடமாகக் கருவாட்டுக் கடை வைத்திருப்பவள் செய்கிற வேலையா இது? உன் கடிதத்தில் தேதியும் இல்லை. மேலே "மழை நாள்" என்று போட்டிருக்கிறாய். நம் பள்ளியின் மதர் ஒதில் உயிரோடு இருந்தால் உன்னை முட்டி போட வைத்திருப்பார்.

பல்கலைக்கழகத்தில் இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்லிவிட்டார்கள். துறைத் தலைவி குவாக் மிஹ்யாங்கை உனக்கு நினைவிருக்கும். நான் கன்னியர் பள்ளியில் கற்பித்த காலத்தில் என்னிடம் பியானோ படித்தவள். அவள்தான் இசைச் சிகிச்சை முதுகலை வகுப்புக்கு என்னை அழைத்தது. இந்த வருடம் ஏழு மாணவிகள். எல்லாரும் இசைக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர்கள். நன்றாக வாசித்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். முதல் நாளே, "உங்க கச்சேரிய வீட்லயே விட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

வேலை இதுதான். நோயாளி பாட்டை எந்தச் சுருதியில் எடுப்பார் என்று யாருக்கும் தெரியாது. அவர் இரண்டு சுரம் பாடுவதற்குள் உன் கை அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அவர் மெதுவானால் நீயும் மெதுவாக வேண்டும். அவர் ஒரு வரியை விழுங்கினால் நீயும் விழுங்க வேண்டும். அதனால் ஒரே பாட்டைப் பன்னிரண்டு சுருதியிலும் வாசிக்க வைக்கிறேன், கண் பியானோக் கட்டையின் மேல் இல்லாமல் எதிரே இருப்பவரின் வாய் மேல். ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதிப் போடுவது ஒரே வரி: நோயாளி நிற்கும் இடமே சுருதி.

ஏழு பேரில் மொக் யேரிம் என்று ஒருத்தி. முப்பத்தொரு வயது. வோன்ஜுவில் ஆறு வருடம் மழலையர் பள்ளி ஆசிரியையாக இருந்துவிட்டு, வேலையை உதறிவிட்டு வந்திருக்கிறாள். குரல் நல்ல குரல். இடது கைதான் நனைந்த துணி.

"யேரிம், உன் இடது கைக்கு உயிர் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு டீச்சர். உங்களப் பாத்தா வெக்கப்படுது."

மற்ற ஆறு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ஈரக் காற்றில் கடை வாசலில் உட்காராதே.

உன் அக்கா,
இன்சுக்


தோங்யோங்
19 செப்டம்பர் 2004, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம்

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தேதி போதுமா? இல்லை, நொடியும் வேண்டுமா?

புயல் எங்களைத் தொடாமல் போய்விட்டது. சிப்பிப் படுகைகளுக்குச் சேதமில்லை. வீட்டுக்காரரின் முழங்கால் மழை வருவதை வானொலிக்கு முன்பே சொல்லிவிடுகிறது. எனக்கு ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வாடிக்கையாளர்களோடு சண்டை போடுகிறேன். நீங்கள் இரவில் சோறு சாப்பிடுகிறீர்களா, அல்லது ரொட்டியோடு நிறுத்திக்கொள்கிறீர்களா?

கருவாட்டைக் கலந்தது நான்தான். நீங்கள் பிரிப்பீர்கள் என்று தெரியும். தனியாக இருப்பவருக்கு அரை நாள் போனது நல்லதுதானே?

கரும்பலகையில் நீங்கள் எழுதும் வரியை வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். "யாரு, உங்க அக்காவா? நோயாளி நிக்கிற எடந்தான் சுருதின்னு அவங்களா சொல்றாங்க? ஆள் மாறாட்டமா இருக்கும், நல்லா விசாரி" என்றார். கோபப்படாதீர்கள். நீங்கள் இங்கே வந்திருந்தபோது, பூசையில் எங்கள் குருவானவர் சுருதி இறங்கிப் பாட, முன்வரிசையிலிருந்து நீங்கள் இருமினீர்களே. பாவம், அவர் உங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அந்த யேரிமை எனக்குப் பிடித்திருக்கிறது. உங்களுக்கு இப்படிப் பதில் சொல்ல எனக்கு அறுபது வயது ஆக வேண்டியிருந்தது.

அறுவடைத் திருநாளுக்கு வாருங்கள். பைன் இலை போட்டுக் கொழுக்கட்டை அவிக்கிறேன். கோணலாகத்தான் பிடிப்பேன். வந்து திருத்துங்கள்.

அன்புடன்,
கில்லே


சியோல்
15 அக்டோபர் 2004

அன்புள்ள கில்லேவுக்கு,

திருநாளுக்கு வர முடியாமல் போனதில் வருத்தமே. மருத்துவமனைப் பயிற்சி தொடங்கிவிட்டது. ஏழு பேரையும் நான் ஒருத்திதான் பார்க்க வேண்டும். உன் கொழுக்கட்டை வந்து சேர்ந்தது. கோணல்தான். சாப்பிட்டேன். இரவில் சோறுதான் சாப்பிடுகிறேன். உன் விசாரணைக்கு நன்றி.

யேரிமுக்குக் கொடுத்த நோயாளியின் பெயர் தோ சங்பே. எழுபத்தொரு வயது. மலைச்சாலையில் கங்னுங் வரை பேருந்து ஓட்டியவர். பிப்ரவரியில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது புரிகிறது, சொல்தான் வருவதில்லை. இப்படிப்பட்டவர்களுக்குச் சில சமயம் பேச முடியாத சொல் பாட்டில் வரும். அந்த வழியைத் திறப்பதுதான் பயிற்சி.

முதல் மூன்று வாரம் யேரிம் பாடவே இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மூச்சு ஏறி இறங்குவதைச் சின்ன மத்தளத்தில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "இது என்ன, மழைக்குக் காத்திருக்கியா?" என்று கேட்டேன். "ஆமா டீச்சர்" என்றாள்.

பிறகு அவர் மனைவியிடம் போய், வண்டி ஓட்டும்போது என்ன பாடுவார் என்று விசாரித்திருக்கிறாள். "பாட்டா? தூக்கம் வரக் கூடாதுன்னு ஒரே பாட்ட நூறு தடவ பாடுவாரு. பாதி வரி தப்பு, மெட்டும் தப்பு. பயணிங்க யாரும் தூங்கினதில்ல" என்றாராம் அந்த அம்மாள். துறைமுகத்தைப் பற்றிய ஒரு பழைய பாட்டு. யேரிம் ஒவ்வொரு வரியும் பாடி, கடைசிச் சொல்லை மட்டும் அவருக்காக விட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். இன்னும் அவர் நிரப்பவில்லை. நேற்று உதடு அசைந்தது என்கிறாள்.

மருத்துவமனையில் கேமரா வைக்க அனுமதி இல்லை. சிகிச்சை அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை; அங்கிருந்து ஒருவழிக் கண்ணாடி வழியாக ஆசிரியர் பார்க்கலாம், உள்ளே இருப்பவர்களுக்கு நாம் தெரிய மாட்டோம். அன்றன்று நடந்ததை மாணவி குறிப்பேட்டில் எழுத வேண்டும். பார்வையாளரான ஆசிரியர் படித்துப் பார்த்து, தன் பெயர் முத்திரையை வைக்க வேண்டும். அது இல்லாமல் அந்த மணி நேரம் செல்லாது. நாற்பது வருடமாக என் கைப்பையில் இருக்கும் அதே முத்திரைதான். பொய்யான காகிதத்தில் அது ஒரு முறையும் பட்டதில்லை.

வரும் வியாழக்கிழமை கண்ணாடி அறையில் நான் இருப்பேன். அந்த இடது கை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

குளிருக்கு முன் கம்பளிகளை வெயிலில் போடு.

உன் அக்கா,
இன்சுக்


சியோல்
30 அக்டோபர் 2004

அன்புள்ள கில்லேவுக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் நலம் என்று நம்புகிறேன். நானும் நலம். கொஞ்சம் அசீரணம்.

குளிர்காலக் கிம்ச்சி ஊறுகாய்க்கு இந்த வருடம் பத்து முட்டைக்கோஸ் போதும் என்று முடிவு செய்திருக்கிறேன். போன முறை நீ உப்பைச் சரியாகத் தூவவில்லை. தண்டுப் பக்கம் பச்சையாகவே இருந்தது. தண்டுக்குக் கூடுதலாகவும் இலைக்குக் குறைவாகவும் தூவி, எட்டு மணி நேரம் கழித்துப் புரட்டி, பிறகு மூன்று தண்ணீரில் அலச வேண்டும். மிளகாய்த்தூள் இங்கேயே வாங்கிக்கொள்கிறேன். நீ அனுப்ப வேண்டாம். உப்பில் ஊறிய இறால் மட்டும் உங்கள் ஊரிலிருந்து வந்தால் நல்லது. மூடியை மெழுகுத்தாள் வைத்துக் கட்டு. சென்ற வருடம் கசிந்தது.

தோ அவர்களின் சிகிச்சை சரியாக நடக்கவில்லை. பாடத் தொடங்கியவர் நிறுத்திவிட்டார். யேரிம் கெடுத்துவிட்டாள். குறிப்பேட்டில் அப்படித்தான் இருக்கிறது, முத்திரை வைத்துவிட்டேன்.

காற்று குளிர்ந்துவிட்டது. கவனம்.

இன்சுக்


தோங்யோங்
9 நவம்பர் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் அசீரணத்துக்குப் பார்லித் தண்ணீர் குடியுங்கள். ஊறிய இறால் அனுப்பியிருக்கிறேன். மெழுகுத்தாள் இரண்டு சுற்று.

முட்டைக்கோஸுக்கு ஒரு பக்கம், அந்த மனிதருக்கு நான்கு வரி. எட்டு மாதம் வாய் திறக்காதவர் பாடத் தொடங்கினார் என்று எழுதுகிறீர்கள். எப்படிப் பாடினார், எந்த வரி, அவர் மனைவி என்ன சொன்னார் என்று ஒன்றுமே இல்லை. போன கடிதத்தில் அந்தப் பெண்ணின் விரல் தட்டியதைக்கூட எழுதினீர்கள். இந்த முறை அவள் என்ன செய்து கெடுத்தாள் என்றுகூடச் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் தினமும் கேட்கிறார், "அந்த பஸ் டிரைவர் பாடினாரா?" என்று. கடைக்கு வரும் மீனவர்களுக்கும் கதையைச் சொல்லிவிட்டார். சந்தை முழுக்கக் காத்திருக்கிறது. என்ன நடந்தது?

அன்புடன்,
கில்லே


சியோல்
24 நவம்பர் 2004

அன்புள்ள கில்லேவுக்கு,

ஊறிய இறால் கசியாமல் வந்தது. நன்றி. உடம்பு பரவாயில்லை. என் மாணவியின் பிழையைச் சந்தையில் கதையாக்கியிருக்க வேண்டாம். கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

அன்று கண்ணாடி அறையில் நான் மட்டும் இருந்தேன். மற்ற மாணவிகள் வேறு பிரிவில். யேரிம் வழக்கம்போல் கடைசிச் சொல்லை விட்டாள். தோ அவர்கள் சொன்னார். பிறகு அடுத்த வரியையும் முழுதாகப் பாடினார், மிகவும் தாழ்ந்த சுருதியில். யேரிமின் கை அவரைத் தவறவிட்டது. அவள் அவரிடம் போகாமல், அவரைத் தன் சுருதிக்கு இழுத்தாள். திருத்தினாள். அவர் வாயை மூடிக்கொண்டார். பியானோ விளிம்பில் இருந்த அவர் இடது கை நடுங்கியது என் முழங்கையில் தெரிந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு பியானோவைத் திறந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம்.

நோயாளியைத் திருத்துவது இந்தத் தொழிலில் மன்னிக்கப்படாத பிழை. துறைக் குழு கூடியது. மிஹ்யாங் குறிப்பேட்டை வாசித்துவிட்டு, "மொத வகுப்புலயே சொல்லிக்குடுக்கறதுதானே இது? நீ யார்கிட்ட படிச்சேன்னு யோசிச்சியா? டீச்சருக்கு எவ்வளவு தலைகுனிவு?" என்று கேட்டாள். யேரிம், "மன்னிக்கணும்" என்று மட்டும் சொன்னாள். மருத்துவமனைப் பயிற்சியிலிருந்து அவளை நிறுத்திவிட்டார்கள். பயிற்சி மணி நேரம் இல்லாமல் பட்டம் கிடைக்காது. பிப்ரவரி முடிவதற்குள் குழு மனம் மாறினால் உண்டு. இல்லாவிட்டால் அவள் படிப்பு அவ்வளவுதான். வோன்ஜுவுக்குப் போய்விட்டாள்.

எல்லாரும் என்னிடம் வருத்தம் சொன்னார்கள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இன்சுக்


தோங்யோங்
3 டிசம்பர் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே முதல் உறைபனி. எல்லாரும் சுகம். நீங்கள் சுகமாக இல்லை என்று எனக்குத் தெரிகிறது.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நீங்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தீர்கள். அவர் கை பியானோவில் இருந்தது. அது நடுங்கியது உங்கள் முழங்கைக்கு எப்படித் தெரிந்தது?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், பிறகு எழுதத் துணிச்சல் வராது. எனக்குப் பதினாறு வயதில் உங்கள் வீட்டில் தங்கிப் படித்தபோது, அத்தான் காலையில் சவரம் செய்துகொண்டே பாடுவார். கோடை விடுமுறை முடிந்து திரும்பி வந்தபோது பாடவில்லை. நான் காரணம் கேட்டேன். "உங்க அக்கா வீட்ல இருக்காங்கல்ல" என்று சிரித்தார். அவர் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் அதிகம் பேசியிருந்தால் தங்கை என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

கில்லே


தோங்யோங்
5 ஜனவரி 2005

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தீர்கள், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். உயிரோடு இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டேன்.

சாப்பிடுகிறீர்களா? குளிர் சியோலில் பூச்சியத்துக்குப் பத்துப் பாகை கீழே போயிருக்கிறதாம். தண்ணீர்க் குழாயைத் துணி சுற்றி வையுங்கள்.

நான் உங்களைவிட ஏழு வயது சின்னவள். உங்களை விசாரிக்கும் இடத்தில் இல்லை. ஆனால் நம் இருவரைத் தவிர நாம் பிறந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை.

கில்லே


சியோல்
15 ஜனவரி 2005

அன்புள்ள கில்லேவுக்கு,

நலமா என்று கேட்டிருந்தாய். இல்லை.

யேரிம் எதையும் கெடுக்கவில்லை. கெடுத்தது நான்.

அன்று தோ அவர்கள் அந்தக் கடைசிச் சொல்லைச் சொன்னபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன், மகிழ்ச்சியில்தான். பிறகு அடுத்த வரி. கரகரத்த குரல், யேரிமின் சுருதியிலிருந்து எங்கோ கீழே, ஒவ்வொரு சொல்லுக்கும் இன்னும் கீழே இறங்கிக்கொண்டு. அவள் இடது கை அவரைத் தேடியது. இரண்டு சுருதியும் உரசி, காதில் மணல் அள்ளிப் போட்டதுபோல் இருந்தது. அவளுக்கு வேண்டியிருந்தது மூன்று நொடி. கண்டுபிடித்திருப்பாள். அந்த மூன்று நொடியை என்னால் பொறுக்க முடியவில்லை.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். "நகரு" என்று அவளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். என் கைக்கு அவர் சுருதிக்குப் போக ஒரு இமைப்பொழுது போதும். அதைத்தானே கற்பிக்கிறேன். போகவில்லை. பாட்டின் சரியான சுருதியை ஓங்கி வாசித்துவிட்டு, "ஐயா, சுருதி எறங்குது. மொதல்லேர்ந்து எடுக்கலாம். இப்படி" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும் கில்லே. நாற்பது வருடம் பியானோ பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் முகத்தில் அதைத்தான் பார்த்தேன். மரியாதை என்று நினைத்திருந்தேன்.

வாயை மூடிக்கொண்டார். என் முழங்கையை உரசிக்கொண்டிருந்த இடது கையை எடுத்து, சோற்றுப் பருக்கை ஒட்டியிருப்பதுபோல் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது அவர் மனைவி கதவைத் திறந்தார். நடையில் உட்கார்ந்திருந்தவர், எட்டு மாதத்துக்குப் பிறகு கணவரின் குரல் கேட்டு ஓடி வந்திருக்கிறார். உள்ளே பார்த்தால், மூலையில் நின்று ஒரு பெண் அழுகிறாள், நரைத்த தலையோடு ஒரு டீச்சர் பியானோவில் இருக்கிறாள். அவர் என்ன நினைப்பார்? இடுப்பு வரை குனிந்து என்னை வணங்கினார். "பெரிய டீச்சர், நீங்க வந்ததாலதான் இவ்ளோவாவது ஆச்சு. இந்தப் பொண்ணு சின்னது, பாவம், அதுக்குத் தெரியல. நீங்களே மறுபடி பாட வைங்க."

நான் அந்த வணக்கத்தை ஏற்றுக்கொண்டேன். "பாக்கலாம்மா" என்றேன்.

மாலையில் யேரிம் குறிப்பேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். "பயிற்சி மாணவி நோயாளியின் சுருதியைத் திருத்த முயன்றார், நோயாளி பாடுவதை நிறுத்தினார்" என்று எழுதியிருந்தாள். ஆசிரியரின் பிழையை மாணவி எழுத மாட்டாள். நம்மிடையே அது வழக்கமில்லை. அப்படிப்பட்ட பெண்களை வளர்த்தவளே நான்தான். ஆனால் அதற்குக் கீழே, பார்வையாளர் குறிப்புக்கு என்று பாதிப் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தாள். வழக்கமாக இரண்டு விரல் இடம்தான் விடுவார்கள்.

"எழுதியிருக்கேன் டீச்சர். பாத்துட்டு, நீங்க ஏதாவது சேக்கணும்னா சேத்து, முத்திரை வைங்க."

நின்றாள். ஒரே ஒரு வரி நான் எழுதினால் போதும். முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றி வைத்தேன். சற்றும் கோணாமல் பதிந்தது. அவள் குனிந்து வணங்கிவிட்டுப் போனாள்.

பங்குக் குருவிடம் இதைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "நீங்க ரொம்ப நுணுக்கமாப் பாக்குறீங்கம்மா. ஆண்டவர் அவ்ளோ கணக்குப் பாக்கறதில்ல" என்று ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். பாரம் ஒன்றும் இறங்கவில்லை. அந்தக் கூண்டில் சொல்வது எளிது. அங்கே அவள் இல்லையே.

உன் அத்தானைப் பற்றி நீ எழுதியதற்கு இன்று பதில் எழுத மாட்டேன். ஒரு நாளைக்கு ஒன்றுதான் என்னால் முடியும்.

குழாய்க்குத் துணி சுற்றிவிட்டேன்.

அக்கா


தோங்யோங்
21 ஜனவரி 2005

அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். உங்கள் கடிதத்தை வீட்டுக்காரரிடம் காட்டவில்லை. சந்தையிலும் யாருக்கும் தெரியாது.

ஆறுதல் சொல்ல உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எனக்குச் சொன்னது எனக்கு ஆறுதல். அந்தப் பெண்ணுக்கு அதனால் என்ன? பிப்ரவரி முடிய ஐந்து வாரம் இருக்கிறது.

சந்திரப் புத்தாண்டுக்கு வாருங்கள் என்று எழுத நினைத்திருந்தேன். எழுதவில்லை. முதலில் போக வேண்டிய இடங்களுக்குப் போய்விட்டு வாருங்கள். அதுவரை உங்களுக்கு நான் புத்தாண்டு சூப் வைத்துத் தர மாட்டேன். எவ்வளவு நாளானாலும்.

கில்லே


சியோல்
26 பிப்ரவரி 2005

அன்புள்ள கில்லேவுக்கு,

புத்தாண்டு நல்லபடியாகக் கழிந்திருக்கும். உன் வீட்டுக்காரருக்கு என் வாழ்த்து. எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. இங்கே ஓரத்துப் பனி இன்னும் உருகவில்லை. தெருவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.

ஜனவரி கடைசி நாளில் மிஹ்யாங்கிடம் போனேன். நடந்ததைக் கையால் எழுதி, கீழே முத்திரை வைத்திருந்தேன். படித்துவிட்டு அவள் தாளை என் பக்கமே திருப்பி வைத்தாள்.

"டீச்சர், நான் இதப் பாக்கல. எடுத்துட்டுப் போயிடுங்க. அந்தப் பொண்ணு வேணும்னா வேற எங்கயாவது சேந்துக்கட்டும். இந்த வயசுல உங்க பேரு கெடணுமா?"

"மிஹ்யாங், பள்ளிக்கூடத்துல உனக்கு எத்தன தடவ தப்புன்னு சொல்லியிருப்பேன்?"

"எண்ணினதில்ல டீச்சர்."

"நீ ஒரு தடவ எனக்குச் சொல்லு."

மேசையில் இருந்த பேனாவுக்கு மூடி போட்டாள். பிறகு, "தப்பு டீச்சர்" என்றாள். தாளை எடுத்து உறையில் போட்டுக்கொண்டாள்.

குழுவில் அதை நானே வாசித்தேன். மற்ற ஆறு மாணவிகளும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. யேரிமுக்கு மார்ச்சிலிருந்து பயிற்சியைத் தொடர அனுமதி கொடுத்தார்கள். எனக்கு ஓய்வு என்று பெயர் வைத்து, பூங்கொத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். பூங்கொத்து வேண்டாம் என்றேன்.

வோன்ஜுவுக்குப் பேருந்தில் போனேன். யேரிம் தன் சித்தியின் நூடுல்ஸ் கடையில் மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துணியை வைத்துவிட்டு, குனிந்து வணங்கினாள். நானும் குனிந்தேன், அவளைவிடத் தாழ்வாக.

"வேண்டாம் டீச்சர். கடையில ஆளுங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"அந்தப் பாதிப் பக்கத்த உங்களுக்காகத்தான் விட்டேன்."

"தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும் டீச்சர். அதான் நாலு மாசமாத் தூங்க முடியல. தெரியாம முத்திரை வெச்சிருந்தீங்கன்னா கோவமே வந்திருக்காது."

ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சூடாகக் கொண்டுவந்து வைத்தாள். எதிரே உட்காரவில்லை. நான் சாப்பிட்டு முடித்தபின், "திரும்பி வரேன். ஆனா நான் எந்த அறையில இருந்தாலும் நீங்க கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கக் கூடாது" என்றாள். எனக்கு இனி அங்கே வேலை இல்லை என்று சொன்னேன். "சரி" என்றாள். வருத்தமாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லவில்லை. பொய் சொல்லாத பெண்.

தோ அவர்கள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டார். அவர் வீடு ஒரு மேட்டுத் தெருவின் கடைசியில் இருக்கிறது. அவர் மனைவியிடம் உண்மையை வாசலிலேயே சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். "அன்னிக்கு நான் உங்களக் கும்பிட்டேனே" என்று மட்டும் கேட்டார். உள்ளே வரச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் தரையில் ஒரு மெத்தையும், சுவர்ப் பக்கம் திரும்பிய ஒரு தலையும் தெரிந்தன.

உன் அத்தான் சவரம் செய்யும்போது என்ன பாட்டுப் பாடுவார் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். சுருதி விலகியது நினைவிருக்கிறது. பாட்டு நினைவில்லை. உனக்கு நினைவிருந்தால் எழுது.

அடுத்த வாரம் வரலாமா? நீ சரி என்றால்தான் பயணச்சீட்டு எடுப்பேன்.

பயிற்சி தொடங்கும்வரை காத்திராமல் யேரிம் இப்போதே வியாழக்கிழமைகளில் தோ அவர்கள் வீட்டுக்குப் போய்வருகிறாள். பியானோ இல்லை, மத்தளம் மட்டும். நேற்று இரவு தொலைபேசியில் கூப்பிட்டாள், மாணவி ஆசிரியருக்குச் செய்தி சொல்ல வேண்டிய முறைப்படி. கடைசிச் சொல் வந்ததாம், ஒன்றே ஒன்று. எந்தச் சுருதியில் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சொன்னதும் அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டு, யாராவது உள்ளே வருகிறார்களா என்று கதவைப் பார்த்தாராம்.

உன் அக்கா,
இன்சுக்